சங்குமுகத்துத் திடல்

சங்குமுகம், திருவனந்தபுரம்
12 ஜூன் 1936

சௌபாக்கியவதி பொன்னம்மைக்கு அழகியநம்பி எழுதுவது. இங்கே நானும் திடலும் சுகம். வடசேரியில் நீயும், அத்தையும், உன் அண்ணன் பகவதிப்பெருமாளும், மைனி சரோஜமும் சுகம்தானே?

நாலு நாள் கல்யாணத்துக்கு என்று போனாய். அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் வீடு போய்ச் சேர்ந்து, அவர்களுக்குள் முதல் சண்டையும் நடந்து முடிந்திருக்கும். நீ இன்னும் வந்தபாடில்லை. புறப்படுகிற அன்று நீ கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. "காக்கா விரட்டவா ஓவர்சியர் பரீட்சை பாஸ் பண்ணினீங்க?" என்றாய். நானும் சும்மா இருந்தேனா? "அப்படின்னா ஒங்க அண்ணன் வீட்டு மாடியிலயே போயி இரி" என்றேன். சொன்னது சொன்னதுதான். இரண்டு பேரும் சொன்னோம், கணக்குத் தீர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நாகர்கோவிலில் ரோடு போடுகிற ஓவர்சியர் தடுக்கி விழுந்தால் இன்னொரு ஓவர்சியர் மேல்தான் விழுவான். பம்பாய்த் தபால் விமானம் இறங்குகிற திடலுக்கு இந்த ராஜ்ஜியத்திலேயே நான் ஒருத்தன்தான். காக்கா விரட்டுவது உண்மை. மீன் காயப்போட்டால் காக்கா வரும், பருந்து வரும், பருந்து மோதினால் விமானம் கீழே வரும். அதனால் மீன் பிடிக்கிற மரைக்கார்களிடம் போய், மீனையும் வலையையும் திடலுக்கு வெளியே காயப்போடச் சொல்லிச் சண்டை போடுகிறேன். புல்லை ஒட்ட வெட்டவேண்டும், எலி வளையை மூடவேண்டும், உருளை போட்டு நிலத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும், நடுவில் போட்ட சுண்ணாம்பு வட்டம் மேலேயிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியவேண்டும். இவ்வளவும் ஒருத்தன் பார்க்கிறான்.

இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. விமானம் இனி ஐப்பசியில்தான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா? உனக்கு நீர்க்கோவை வருமே.

இப்படிக்கு,
அழகியநம்பி

*

வடசேரி
கொல்லம் 1111 ஆனி 5

அத்தானுக்குப் பொன்னம்மை நமஸ்காரம். உங்கள் திடல் சுகம் என்று முதல் வரியிலேயே தெரிந்துகொண்டேன். சந்தோஷம். நானும் சுகம். நீர்க்கோவை இல்லை.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எலி வளை இருக்கிறது, பருந்து இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு வார்த்தையை மட்டும் காணவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தான், எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவளைப் புருஷன் வாசலில் வந்து நின்று அழைத்துப் போகவேண்டும். தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், "போக்கிடம் இல்லாம போறா" என்று வாய்க்கு வாய் பேசுவார்கள். அம்மையால் அதைத் தாங்க முடியாது. என்னாலும்தான். அண்ணன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் "என்ன பிள்ளே, ஆகாசக் கப்பல் மாப்பிளை வரலியா?" என்று கேட்கிறார். சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் வந்துவிட்டுப் போக உங்களுக்கு முடியாதா? பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம்.

மழையில் நனையாதீர்கள். உங்கள் இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

பொன்னம்மை

*

சங்குமுகம்
4 ஜூலை 1936

பொன்னம்மைக்கு. நான் நலம். இருமல் இருக்கிறது, அதுவும் நலமாகவே இருக்கிறது.

ஒரு நாள் வரமுடியாதா என்று கேட்டிருக்கிறாய். ஒரு மணி நேரம்கூட முடியாது. திடலின் வடக்குப் பாதி முழுக்கத் தண்ணீர். நேற்றுக் காலையில் எழுந்து பார்க்கிறேன், எங்கிருந்தோ வாத்துக்கூட்டம் வந்து, விமானம் இறங்குகிற இடத்தில் மேய்கிறது. மரைக்கார்களில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "ஏமானே, இது வயலாணோ? ஞாறு நடட்டே?" என்று நாற்று நட உத்தரவு கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். வலையை எடு என்று விரட்டினேன் அல்லவா, அதற்குப் பழி தீர்க்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை வீசி எறிந்தேன். குடைக்கம்பி முறிந்ததுதான் மிச்சம்.

எஞ்சினீயர் வந்து பார்த்தார். "நம்பி, மழை முடிஞ்சதும் முதல் விமானத்தில பம்பாயிலிருந்து ஒரு துரை வர்றார். திடல் சரி என்று அவர் சொன்னால் விமானம் தொடர்ந்து வரும். சரியில்லை என்றால் திடலை மூட வேண்டியதுதான். நீர் பழையபடி நாகர்கோவில் ரோட்டுக்குப் போகலாம்" என்றார். ஏதோ எனக்கு உபகாரம் செய்கிறவர் மாதிரி சொன்னார்!

மூடுவதாவது! மேஸ்திரி ஞானசிகாமணியும் ஆட்களும் என்னோடு இருக்கிறார்கள். புத்தனாற்றுக்கு ஓடை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் முடிந்தது காரியம். வெட்டுகிறேன் பார்.

காக்கா என்று சொன்னதற்கு நீயும் ஒரு வார்த்தை எழுதினால் குறைந்துபோய்விட மாட்டாய். உன் வீடு இங்கேதான் இருக்கிறது, பூட்டவில்லை.

அத்தைக்கு மூட்டு வலி எப்படி?

அழகியநம்பி

*

வடசேரி
1111 ஆடி 3

அத்தானுக்கு நமஸ்காரம். அம்மைக்கு மூட்டு வலி தேவலை. அதற்குக் காரணமே உங்கள் காகிதம்தான்.

அதை நான் உரக்கப் படித்திருக்கக்கூடாது, படித்துவிட்டேன். "நாகர்கோவில் ரோட்டுக்குப் போகலாம்" என்ற இடம் வந்ததும் அம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாகராஜா, நல்லா மழையைக் கொடு" என்று அங்கேயே நேர்ச்சை. திடல் மூடினால் நீங்கள் இங்கேயே வந்துவிடுவீர்கள், யாரும் யாரையும் அழைக்கவும் வேண்டாம், இறங்கிப் போகவும் வேண்டாம். அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். வானம் கறுத்தால் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிறார். "இடவப்பாதி பிழைச்சுப் போனாலும் ஐப்பசி மழை மிச்சம் இருக்குல்லா?" என்கிறார். மைனி சரோஜம் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் போடுங்கள், அத்தான். எந்தக் காரியத்துக்கும் தடை இருக்காது. சுக்கும் திப்பிலியும் பொடித்து பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள்.

பொன்னம்மை

*

சங்குமுகம்
27 ஜூலை 1936

பொன்னம்மைக்கு. பொடி வந்தது.

நான் இங்கே முழங்கால் சேற்றில் நிற்கிறேன், என் மாமியார் வீட்டில் மழைக்கு நேர்ச்சை! ரொம்ப நன்றாக இருக்கிறது. திடல் முங்கிப்போகட்டும் என்று வேண்டிக்கொள்கிற வீட்டில் நீ "ஒன்றும் சொல்லவில்லை". ஏன் சொல்லவில்லை? "என் புருஷன் திடல் மூடாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? உனக்கும் அதுதான் ஆசை போலிருக்கிறது. நான் தோற்றுத் தலை குனிந்து நாகர்கோவில் வந்தால், வாசலில் நின்று அழைக்கிற சிரமம்கூட இல்லை பார்!

பிள்ளையாருக்கு விடலை போட்டால் தண்ணீர் வடியாது. மண்வெட்டி போட்டால்தான் வடியும். ஓடை பாதி வெட்டியாயிற்று. உன் அண்ணனிடம் சொல், இன்னும் நன்றாக வேண்டிக்கொள்ளட்டும், ஓடைக்கு ஓட்டம் வேண்டும்.

அழகியநம்பி

*

சங்குமுகம்
30 ஆகஸ்டு 1936

பொன்னம்மைக்கு. இங்கு சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து காகிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஓடை முடிந்தது. தண்ணீர் புத்தனாற்றுக்குப் போகிற சத்தம் ராத்திரி படுத்திருந்தால் கேட்கிறது. அன்றைக்குக் கேலி செய்த மரைக்கார்தான் கடைசிப் பாகத்தில் ஆட்களோடு வந்து கைகொடுத்தான். ஓடை அவன் குடிசைப் பக்கத்துத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. இப்போது வலை காய்வது திடலுக்கு வெளியேதான்.

போன காகிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேனோ என்னவோ. கஞ்சியும் தேங்காய்த் துவையலுமாக நாள் போகிறது. துவையலில் உப்பு எப்போதும் கூடிப்போகிறது.

பதில் எழுதவும்.

அழகியநம்பி

*

சங்குமுகம்
22 செப்டம்பர் 1936

பொன்னம்மைக்கு. நீயாக எழுதும்வரை மூன்றாவது காகிதம் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு சங்கடம் வந்துவிட்டது.

கம்பத்தின் உச்சியில் காற்றுப்பை ஒன்று பறக்குமே, நீ பார்த்திருக்கிறாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானி மேலேயிருந்தே அதைப் பார்த்துத்தான் இறங்குவான். மழைக்காற்றில் அது நார் நாராகக் கிழிந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் ஒரு தையல்காரனிடம் கொடுத்தேன். அந்த மகராசன் வால் பக்கத்தையும் மூடித் தைத்துக் கொண்டுவந்தான். கம்பத்தில் ஏற்றினால் தலையணை தூக்கில் தொங்குகிற மாதிரி இருக்கிறது! ஞானசிகாமணி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகவேண்டும். வாய் அகலம், வால் குறுகல். இரட்டைத் தையல் வேண்டும். இங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உனக்கு எழுதினால் ஏதாவது யோசனை சொல்வாய் என்று எழுதுகிறேன், அவ்வளவுதான். துரை அடுத்த மாதம் வருகிறார்.

அழகியநம்பி

*

வடசேரி
1112 புரட்டாசி 15

அத்தானுக்கு நமஸ்காரம். பை இதோடு வருகிறது. காடாத் துணி. வாயில் பிரம்பு வளையம் வைத்திருக்கிறேன். எங்கள் மாடியில் கட்டிப் பார்த்தேன், காற்று போகிறது.

பொன்னம்மை

*

சங்குமுகம்
25 அக்டோபர் 1936

சௌபாக்கியவதி பொன்னம்மைக்கு. நான் சுகம், திடல் பரம சுகம்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: திடல் பாஸ்!

அன்றைக்குக் காலையில் கோட்டையிலிருந்தும் வள்ளக்கடவிலிருந்தும் ஜனம் திரண்டு வந்துவிட்டது. கயிறு கட்டி எல்லோரையும் வெளியே நிறுத்தினேன். புல் சீவிவிட்ட தலைமுடி மாதிரி இருந்தது. சுண்ணாம்பு வட்டம் பளபள என்று. நீ தைத்த பை கடல் காற்றில் நிமிர்ந்து நின்றதைப் பார்க்கவேண்டுமே! வடக்கே சத்தம் கேட்டது. தும்பி மாதிரி வந்தது, வரவரப் பெரிசானது. நமது திடலின் அழகைப் பார்க்கவோ என்னவோ, கடலுக்கு மேலே இரண்டு சுற்று கூடுதலாகவே சுற்றினான் விமானி. பிறகு இறங்கினான் பார், ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை.

துரை இறங்கி வந்து பூட்ஸ் காலால் தரையைக் குத்திப் பார்த்தார். ஓடை வரைக்கும் நடந்தார். காற்றுப்பையை நிமிர்ந்து பார்த்து, "யார் தைத்தது? நல்ல வேலை" என்றார். எஞ்சினீயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கள் இலாகாவில் தைத்தது" என்றார்! எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆதியோடந்தமாக எல்லாம் அப்பழுக்கில்லாமல் நடந்தது. விமானம் இனி ஒவ்வொரு வாரமும் வரும்.

உன் அண்ணனுக்கும் அத்தைக்கும் தெரியப்படுத்தவும். மழைக்கு நன்றி சொன்னதாகவும் சொல்லவும்.

அழகியநம்பி

*

வடசேரி
1112 ஐப்பசி 14

அத்தானுக்குப் பொன்னம்மை நமஸ்காரம். நான் சுகம். உங்கள் முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டதா?

என்ன சிராய்ப்பு, இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களோ? துரை வருகிற நாளைப் பஸ் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் மைனியும் பத்மநாபசுவாமியைத் தொழப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு முதல் நாளே பஸ் ஏறினோம். சுவாமியையும் தொழுதோம், பொய் இல்லை. மறுநாள் காலையில் உங்கள் கயிற்றுக்கு வெளியே மீன்காரப் பெண்டுகளோடு நின்றோம்.

அத்தான், எல்லாம் அப்பழுக்கில்லாமல் நடந்தது சரி. தேங்காய் உடைத்தது யார்?

நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். தலைப்பாகை கட்டிக்கொண்டு சுண்ணாம்பு வட்டத்துக்கு நடுவில் வந்து நின்றீர்கள். ஞானசிகாமணி தேங்காயை நீட்டினார். ரோடு ஆனாலும் பாலம் ஆனாலும் முதல் வண்டி போகுமுன் நடுவில் நின்று விடலை போடுவது உங்கள் பழக்கம், கை தானாகப் போயிற்று. ஓங்கி அடித்தீர்கள். ஜனம் ஆர்ப்பரித்தது. மாட்டு வண்டிச் சக்கரம் என்றால் சிரட்டையை நொறுக்கிவிட்டுப் போகும். "திடலில் ஒரு சிரட்டைத் துண்டு கிடந்தா விமானத்து டயர் போச்சு, டயர் போனா விமானமே கவுந்துரும்" என்று எனக்குப் பாடம் படித்தவர் நீங்கள்தானே! உங்கள் முகம் மாறினதைப் பார்த்தேன். அந்த நேரம்தானா விமானத்துச் சத்தமும் கேட்கவேண்டும்!

சிவப்புக் கொடியை ஞானசிகாமணி கையில் கொடுத்து ஆட்டச் சொல்லிவிட்டு, தலைப்பாகையை வீசிவிட்டு, முழங்காலில் விழுந்து புல்லுக்குள் தடவ ஆரம்பித்தீர்கள். ஆட்களும் விழுந்தார்கள். மேலே விமானம் சுற்றுகிறது. திடலின் அழகைப் பார்க்கவாம்! என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு கயிற்றுக்குள் குனிந்து நுழைந்துவிட்டேன். நான் நுழைந்ததைப் பார்த்து மீன்காரப் பெண்டுகளும் நுழைந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பொறுக்கினோம். அப்போது நீங்கள் தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்து, "ஏட்டி, யாரு அது? கயித்துக்கு வெளிய போ! போட்டி!" என்று கத்தினீர்கள். நான் போகவில்லை. எனக்கு முன்னால் இரண்டு துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கோபம் வரவில்லை, அத்தான். கல்யாணமாகி இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ ஜம்பமாக உங்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே இருக்கிறவன் யாரென்றே தெரியாத ஒரு விமானத்துக்காக அப்படிப் பயந்தீர்கள். இது காக்கா விரட்டுகிற வேலை இல்லை. நான் சொன்னது தப்பு. அதை நான் எழுதிவிட்டேன், இனி எனக்குக் கடன் இல்லை.

ஆடியில் நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டீர்களே. சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் அடுக்களைக்குப் போனேன். திடல் மூடவேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. உங்கள் காகிதம் வந்தபின் இரண்டு மாதம் பேனாவைத் தொடவில்லை, அவ்வளவு கோபம். அப்புறம் பை தைக்க உட்கார்ந்தேன்.

விமானம் இறங்கினதும் மைனி, "போயி முன்னால நில்லு பிள்ளே" என்று தள்ளினாள். நான் போகவில்லை. அழைக்காமல் வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை. மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டோம். உங்களை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேனே, அதுதான் கஷ்டமாக இருந்தது.

காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டுங்கள்.

பொன்னம்மை

*

சங்குமுகம்
4 நவம்பர் 1936

என் பொன்னம்மைக்கு.

உன் காகிதத்தைப் படித்துவிட்டுத் திடலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஞானசிகாமணி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் வராமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

அந்த முக்காட்டுக்காரி நீயா? ஏட்டி என்றேனே, பாவி நான்! அன்று சாயங்காலம் ஆட்களிடம், "எவளோ ஒரு பிடிவாதக்காரி, நான் விரட்டியும் போகாமல் துண்டைப் பொறுக்கினாள், அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கணும்" என்று சொன்னேன். நம்பாவிட்டால் ஞானசிகாமணியைக் கேள். ஊரெல்லாம் தேடினார்கள், ஆள் அகப்படவில்லை.

தேங்காய் உடைத்தது நான்தான். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. பழவங்காடியில் போடு என்று நீ சொன்ன அன்றே போட்டிருந்தால் கை அரிப்பாவது தீர்ந்திருக்கும். துரைக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், என்ன செய்தாலும் செய்யட்டும் என்று. அவர், "இறங்கவிடாமல் நிறுத்தினாயே, அதுதான் வேண்டும்" என்றார். உனக்குத்தான் சொல்லப் பயம்.

நேற்று எஞ்சினீயரிடம் லீவு கேட்டேன். இந்தத் திடலுக்கு வந்தபின் முதல் லீவு. எதற்கு என்றார். கச்சேரியில் குமாஸ்தாக்கள் எல்லோரும் இருந்தார்கள். "பெண்டாட்டியை அழைக்க மாமியார் வீட்டுக்குப் போகணும்" என்று உரக்கவே சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை விமானம் கிடையாது. திடலை ஞானசிகாமணி பார்த்துக்கொள்வார். அவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு முன்பே தெரியும். ஒரு மணி நேரம்கூட முடியாது என்று உனக்கு எழுதினதெல்லாம் வீம்பு. காலை பஸ்ஸில் வருகிறேன். அத்தையிடம் சொல், இலை போடச் சொல். உன் அண்ணன் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் வீட்டுக்குள் உடனே வரமாட்டேன். முதலில் வாசலில் நிற்பேன். உங்கள் தெருவில் எல்லாக் கதவும் திறக்கட்டும். கயிற்றுக்கு வெளியே போ என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன் அல்லவா, அதைவிட உரக்க உன் பேரைச் சொல்லி வா என்று கூப்பிடுவேன்.

உன்
அழகியநம்பி